ரொட்டி, சீனி, இன்சுலின்

(எமது சங்கத்தின் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் அட்டாளைச்சேனையில் நடந்த இரண்டு நாள் தொழிலாளர் கல்வி வகுப்பில், முதல் நாள் பிற்பகல் ஆற்றப்பட்ட உரை. உரையாற்றியவர் இவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். மலையக ஆஸ்பத்திரிகளில் பல வருடம் கடமையாற்றியவர். அவர் பேசியதை அவருடைய பேச்சு நடை மாறாமல் தருகிறோம்.)



பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேச விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் விருந்தாளிக்குச் சோறு வைக்கிற விதத்தை இப்போது நீங்கள் கண்டிருப்பீர்கள். "போதும், போதும்" என்று கையைக் குறுக்கே வைத்தாலும் விரலுக்கு மேலாலேயே கரண்டி வந்துவிடும். மீன் ஆணமும் சோறும் ஏறினால் கண் தானாகச் சொருகும். பின் வரிசையில் ஒரு தம்பிக்கு ஏற்கனவே சொருகிவிட்டது. அவரை எழுப்ப வேண்டாம். அந்தத் தூக்கம் ஏன் வருகிறது என்பதைத்தான் நான் பேசப் போகிறேன்.

சங்கத்துக்காரர்கள் என்னிடம் கேட்டது இதுதான்: "போனில் எல்லாரும் சோற்றை விடு, ரொட்டியை விடு, சீனி வருத்தம் ஓடிவிடும் என்கிறார்கள். இன்சுலினே வேண்டாம் என்கிறார்கள். எங்கள் ஆட்களில் சிலர் குளிசையையே நிறுத்திவிட்டார்கள். இதில் எது உண்மை என்று வந்து சொல்லுங்கள்." நான் டொக்டர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் டொக்டர்மாருக்குப் பக்கத்தில் நின்று ஊசி போட்டவன், புண் கழுவியவன். எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. ஆகவே படித்ததையும் சொல்வேன், பட்டதையும் சொல்வேன்.

முதலில் இன்சுலின் என்றால் என்ன என்று பார்ப்போம். உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன். சோறு, ரொட்டி, பாண், கிழங்கு, சீனி எல்லாவற்றிலும் இருப்பது மாச்சத்து. வயிற்றுக்குள் போனால் அது குளுக்கோஸ் ஆகி இரத்தத்தில் இறங்கும். மலையில் பறித்த கொழுந்து லொறியில் ஏறி ஃபெக்டரி வாசலுக்கு வருகிறதே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம்தான் ரோட்டு. தசையும் ஈரலும் ஃபெக்டரி. வாசலில் நின்று கதவைத் திறந்து கொழுந்தை உள்ளே எடுக்கிற கணக்கப்பிள்ளைதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையம் என்ற உறுப்பு அவரை அனுப்புகிறது. அவர் இல்லாவிட்டால் கொழுந்து ரோட்டிலேயே கிடந்து வதங்கும். இரத்தத்தில் சீனி கூடுவது என்பது அதுதான்.

சிலருக்கு, அதிலும் சின்ன வயதில், கணக்கப்பிள்ளையே இல்லாமல் போகிறார். கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. அது முதலாம் வகை. அவர்களுக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். 1921இல் கனடாவின் டொரொன்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பேர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக அது ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? பட்டினி. மாச்சத்தை அறவே நிறுத்தி, எலும்பும் தோலுமாக ஆக்கி, சில மாதமோ ஒன்றிரண்டு வருடமோ கூட உயிரோடு வைத்திருந்தார்கள். ஆகவே சாப்பாட்டால் இன்சுலினையே இல்லாமல் ஆக்கலாம் என்று எவராவது முதலாம் வகைப் பிள்ளையின் தாயிடம் சொன்னால், அது கொலை. மெதுவான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. இதில் கணக்கப்பிள்ளை இருக்கிறார். ஆனால் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற தொட்டியெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது. கதவைத் தட்டுகிறார், உள்ளே இடமில்லை. கணையம் இன்னும் இரண்டு கணக்கப்பிள்ளைமாரை அனுப்புகிறது, பிறகு நாலு பேரை அனுப்புகிறது. பல வருடம் இப்படியே இழுபடும். அந்தக் காலம் முழுக்க இரத்தத்தில் சீனி சரியாகவே காட்டும். உள்ளுக்குள் இன்சுலின் மட்டும் கூடிக்கொண்டே போகும். கூடின இன்சுலின் கொழுப்பைக் கரைய விடாது. ஈரலில் கொழுப்புப் படியும். கொழுப்புப் படிந்த ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் தன்பாட்டில் சீனி தயாரித்து இரத்தத்துக்குள் விடும். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல்ல, காலையில எப்படி 160 காட்டுது?" என்று கிளினிக்கில் கேட்கிறீர்களே, அந்தச் சீனி உங்கள் ஈரல் ராத்திரி வேலை செய்து உண்டாக்கியது. கடைசியில் கணையமும் களைத்துவிடும். அப்போதுதான் ரிப்போர்ட்டில் வருத்தம் என்று வரும்.

இப்போது மாச்சத்தைக் குறைத்தால் என்ன நடக்கும்? ரோட்டில் வருகிற லொறி குறையும். சீனி சில நாட்களிலேயே இறங்கும். இன்சுலினும் இறங்கும். இதை நான் மறுக்க மாட்டேன், என் விரலைக் குத்திப் பார்த்தவன் நான். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1863இலேயே லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற ஒருவர், பிரேதப் பெட்டித் தொழில் செய்தவர், சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிய முடியாத அளவு பருத்துப் போய், ஒரு வைத்தியரின் சொல்படி பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் எல்லாவற்றையும் விட்டு மெலிந்து, அதைப் பற்றிச் சின்னப் புத்தகமும் எழுதினார். இன்சுலின் பான்டிங் வேறு ஆள். பெயர்தான் ஒன்று. 1972இல் அமெரிக்காவில் அட்கின்ஸ் என்ற டொக்டர் இதையே திரும்பவும் பிரபலமாக்கினார். நம் தமிழில் இதைப் பரப்பியது பேலியோ டயட். நியாண்டர் செல்வன் எழுதிய புத்தகத்தைக் கிழக்குப் பதிப்பகம் போட்டது. 'ஆரோக்கியம் நல்வாழ்வு' என்ற பேஸ்புக் குழுமத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் மெலிந்ததும் சீனி இறங்கியதும் உண்மைதான்.

எவ்வளவு உண்மை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2021இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில், இரண்டாம் வகை வருத்தக்காரர்களிடம் நடந்த 23 ஆய்வுகளை ஒன்றாக்கி, 1,357 பேரின் முடிவுகளைப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில், மாச்சத்தைக் குறைத்தவர்களில் 100க்கு 57 பேருக்குச் சீனி வருத்த எல்லைக்குக் கீழே வந்திருந்தது. மற்றச் சாப்பாட்டு முறைக்காரர்களில் 31 பேருக்குத்தான் வந்தது. பெரிய வித்தியாசம். ஆனால் ஒரு வருடம் ஆனதும் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஏன்? சாப்பாடு பழையபடி திரும்பிவிட்டது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் உங்களால் சாப்பிடக்கூடிய சாப்பாடுதான் வேலை செய்யும். எடை குறைவதிலும் இதே கதைதான். 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மாச்சத்தையும் மற்றப் பகுதிக்குக் கொழுப்பையும் ஒரு வருடம் குறைத்தார்கள். ஒரு பக்கம் சராசரி 6 கிலோ இறங்கியது, மறுபக்கம் 5.3 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

பிரித்தானியாவில் 2017இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் உண்டு. வருத்தம் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதம் மிகக் குறைந்த சாப்பாடு கொடுத்தார்கள். அது மாச்சத்தை மட்டும் குறைத்தது அல்ல, எல்லாவற்றையும் குறைத்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் மெலிந்தவர்களில் 100க்கு 86 பேருக்குக் குளிசை இல்லாமலே சீனி வருத்த எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. ஈரலில் இருந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்கிறார்கள். எடை திரும்பியவர்களுக்கு வருத்தமும் திரும்பியது. ஆகவே "ஓடிவிடும்" என்பது சரி. "திரும்பி வராது" என்பது பிழை.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் காக்கா வயல்காரர். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். காலையில் கிளிபென்க்ளமைட் குளிசை போடுகிறவர். போன வருடம் போனில் வீடியோ பார்த்து, "சோறுதான் விஷம்" என்று ஒரே நாளில் சோற்றை விட்டுவிட்டார். குளிசையை மட்டும் விடவில்லை. மாமிக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் இரண்டு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போனார். பதினொரு மணியளவில் வரம்பில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. மகனைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்டிருக்கிறார். வெயில் அடித்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நல்லவேளையாக எனக்குப் போன் எடுத்தார்கள். விழுங்குகிறாரா என்று கேட்டேன், விழுங்குகிறார் என்றான். சீனி கரைத்துக் கொடு என்றேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குத்திப் பார்த்தபோது 46. சீனித் தண்ணி குடித்த பிறகும் 46.

கிளிபென்க்ளமைட், கிளிக்ளசைட், டொல்பியூட்டமைட், கிளிமிப்பிரைட் போன்ற குளிசைகள் கணையத்தை அடித்து இன்சுலினை வெளியே தள்ளுகிற குளிசைகள். நீங்கள் சோறு சாப்பிட்டாலும் தள்ளும், சாப்பிடாவிட்டாலும் தள்ளும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். சாப்பாட்டில் மாச்சத்தைக் குறைத்தால் இவற்றின் அளவையும் குறைத்தாக வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் கிளினிக் டொக்டர்தான் சொல்ல வேண்டும், போன் சொல்லாது. மெட்ஃபோர்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எம்பகிளிஃப்ளோசின், டாபகிளிஃப்ளோசின் என்று முடிகிற புதுக் குளிசை போடுகிறவர்களுக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது. அந்தக் குளிசையோடு மாச்சத்தை ஒரேயடியாக விட்டால் இரத்தம் புளித்து அமிலமாகிவிடலாம். சீனி பெரிதாக ஏறாமலே ஆள் மயங்கிப் போவார். உங்கள் குளிசை உறையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இந்தப் பெயர் எந்த வகை?" என்று மருந்து கொடுக்கிறவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மலையில் ஒருவர் இப்படி வியர்த்து நடுங்கினால், விழுங்கக் கூடியவர் என்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாகனத்துக்கு ஆளை ஓடவிடுங்கள். கொழுந்து ஏற்ற வந்த லொறியானாலும் பரவாயில்லை.

காக்கா பிழைத்தார். டொக்டர் குளிசையைப் பாதியாக்கினார். காக்காவும் பிடிவாதம் விட்டு, சோற்றை நேரத்துக்கு ஒரு கோப்பை என்று வைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் ஏழு கிலோ இறங்கினார். இப்போது பகல் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதில்லை, வரம்பு கட்டப் போகிறார். உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லாத ஆள் இல்லை. பார்த்தீர்களா, அதே மருந்துதான். முதல்முறை விழுத்தியது, இரண்டாம்முறை தூக்கிவிட்டது.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். நான் மலையகத்தில் வேலை செய்தபோது, வாட்டுக்கு வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். காலையில் இரண்டு ரொட்டியும் சம்பலும். ஒரு ரொட்டிக்கு ஏறத்தாழ 100 கிராம் கோதுமை மா பிடிக்கும், அதில் 75 கிராம் மாச்சத்து. இரண்டுக்கு 150. பகலுக்கு மலையில் மீதி ரொட்டியோ சோறோ, அதில் ஒரு 100. இரவு மூன்று கோப்பைச் சோறு, அதில் 130 போல. தேத்தண்ணி ஐந்து தரம், தரத்துக்கு இரண்டு கரண்டி சீனி, அது 50. கூட்டிப் பாருங்கள், 430 கிராம். மாச்சத்துக் குறைந்த சாப்பாடு என்று வைத்தியர்கள் சொல்வது ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே. கீட்டோ என்பது 50க்கும் கீழே. உங்கள் காலை இரண்டு ரொட்டியிலேயே அது முடிந்துவிட்டது.

இதற்காக உங்களைக் குறை சொல்ல வரவில்லை. மலையகம் ரொட்டிக்கு வந்ததற்குக் கதை இருக்கிறது. முதலில் தோட்டத்தில் கொடுத்தது அரிசி, பெரும்பாலும் பர்மா அரிசி. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. மா மலிவு, வயிறு நிறையும், விடிய நாலு மணிக்கு அடுப்பில் கல்லைப் போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வேறு எது தோதுப்படும்? பிறகு 1973, 74ஆம் வருடத்துப் பஞ்சம். இங்கே இருக்கிற மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பங்கீட்டு மாவும் வெட்டப்பட்டு, தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்த காலம் அது.

அந்தப் பஞ்சத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது. ஒல்லாந்து நாட்டில் 1944-45 குளிர்காலத்தில், உலகப் போரின்போது பெரும் பட்டினி. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, அவர்களுடைய உடம்பு சீனியைக் கையாளும் சக்தி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தாயின் வயிற்றில் பசி கண்ட பிள்ளை, கிடைத்ததைச் சேமிக்கிற உடம்போடு பிறக்கிறது. நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம் வர வாய்ப்புக் கூட. இலங்கையில் நிறை குறைந்த பிள்ளைகள் அதிகம் பிறப்பது இன்றும் தோட்டப் பகுதியில்தான். 1974இல் பிறந்தவர்கள் இப்போது 50ஐத் தாண்டியவர்கள். மெலிந்த உடம்பு, எனக்கு வராது என்று இருக்க வேண்டாம். கட்டாயம் சீனி பாருங்கள். 2005-06இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு வருத்தம் இருந்தது. அதற்குப் பிறகு எடுத்த கணக்குகளில் அது கூடித்தான் இருக்கிறது.

பேலியோக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்கு 100 பாதாம் சாப்பிடச் சொல்கிறார்கள். 2024 செப்டம்பரில் உங்கள் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதில் பாதாமுக்கு எவ்வளவு, பிள்ளையின் கொப்பிக்கு எவ்வளவு? பகலுக்கு இறைச்சி, இரவுக்குப் பனீர். சொல்கிறவர்களுக்கு அது சரி. அந்தச் சாப்பாடு சம்பளத்தைப் பார்த்து எழுதப்பட்டதில்லை. இன்னொன்று, எல்லாரும் மெலிய வேண்டியவர்களும் இல்லை. நாட்டிலேயே நிறை குறைந்த பெண்கள் அதிகம் இருப்பது தோட்டத்தில். இருபத்தைந்து வயது, நாற்பது கிலோ, இரத்தம் குறைவு, நாள் முழுக்கக் கூடை சுமக்கிறாள். அவளுக்கு எதற்கு டயட்? அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரு முட்டை. கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கிறவர்களும் சிறுநீரக வருத்தக்காரர்களும் இந்த விளையாட்டுக்கே வரக் கூடாது.

வருத்தம் உள்ளவர்கள், வயிறு முன்னே தள்ளியவர்கள் என்ன செய்யலாம்? சென்னையில் இருந்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா முழுக்க 18,090 பேரின் சாப்பாட்டைக் கணக்கெடுத்துச் செய்தது. நம்மைப் போன்ற சோறு, ரொட்டிக்காரர்களுக்குச் சாப்பாட்டின் சக்தியில் 60, 65 வீதம் மாச்சத்தில் இருந்தே வருகிறது. அதைச் சாப்பாட்டின் சக்தியில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு இறக்கி, அந்த இடத்தில் பருப்பு, மீன், முட்டை போன்ற புரதத்தைக் கூட்டினாலே வருத்தம் புதிதாக வந்தவர்களுக்கு நல்ல பலன் உண்டு என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். கீட்டோ வேண்டாம். இது உங்களால் ஆகிற காரியம்.

நான் செய்தது இதுதான். முதலில் தேத்தண்ணிச் சீனி. ஒரு வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை, பிறகு இல்லை. ஒரு மாதம் எடுத்தது. தேயிலை பறிக்கிறவர்களுக்குத் தேத்தண்ணியின் ருசியை நான் சொல்வதா! சீனி இல்லாமல் குடித்த பிறகுதான் எனக்கு உங்கள் கொழுந்தின் ருசியே தெரிந்தது. பிறகு பீங்கானை மாற்றினேன். முன்பு சோறு மலை, கறி அதன் அடிவாரம். இப்போது பாதிப் பீங்கான் கீரையும் மரக்கறியும், கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, மிச்சம் சோறு. முதலில் மரக்கறியையும் மீனையும் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சீனி ஏறுவது குறைகிறது. இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டுக் கால்மணி நேரம் நடப்பேன்.

உங்கள் வீட்டில் மூன்று ரொட்டி என்றால் ஒன்றாக்குங்கள், அதிலும் மாவோடு துருவிய தேங்காயும் நறுக்கிய முருங்கையிலையும் சேருங்கள். சம்பல் மட்டும் போதாது. கடலை, கௌப்பி, பயறு, சோயா இவற்றில் ஒன்றை ராத்திரியே ஊறப் போட்டுக் காலையில் அவித்து எடுத்துப் போகலாம். நெத்தலிக் கருவாடு மலிவான புரதம், உப்பைக் கழுவிப் பாவியுங்கள். லயத்துக்குப் பின்னால் கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் போடுகிறீர்கள், எல்லாவற்றையும் விற்காமல் ஒரு பங்கு அடுப்புக்கு வரட்டும். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் மரக்கறிக் கணக்கில் வராது, அவை சோற்றுக் கணக்கு. குரக்கனும் சிவப்பரிசியும் அப்படித்தான். "சிவப்பரிசிதானே" என்று இரண்டு பீங்கான் சாப்பிட்டால் சீனி சிவப்பாகவே ஏறும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தைச் சாயம் பிடித்துவிடும்.

மாச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறையும். சந்தோஷப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தண்ணீர். இன்சுலின் இறங்கினால் உடம்பு உப்பையும் தண்ணீரையும் வெளியே விடும். தலையிடி, தலைச்சுற்று, கெண்டைக்கால் இழுப்பு, மலச்சிக்கல் வரும். பத்துப் பதினைந்து நாளில் சரியாகும். பிறகு அடிக்கடி பசிப்பது குறைவதாகப் பலர் சொல்கிறார்கள், எனக்கும் குறைந்தது. ஆனால் அந்த முதல் இரண்டு வாரத்தில் வெயிலில், சரிவில் நிற்கிற ஆள் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

இங்கேதான் நான் சங்கத்திடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்த காலத்தில், கால்விரல் புண்ணோடு ஓர் அம்மா வந்தார். கொழுந்து பறிக்கிறவர், நாற்பத்தெட்டு வயது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணானதாம். ஒன்றரை மாதம் மஞ்சள் பூசியிருக்கிறார். குத்திப் பார்த்தால் சீனி 380. வருத்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது. "அடிக்கடி தண்ணி தவிச்சதா, ஒண்ணுக்குப் போனதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "தவிக்கும் ஐயா. ஆனா குடிக்க மாட்டேன். குடிச்சா ஒதுங்கணும். மலையில ஒதுங்க எடமில்ல. எறங்கி வந்தா கொழுந்து கொறையும், அரைப்பேரு போட்டுருவாங்க." விரலை எடுத்தோம். பிறகு அவர் மலைக்குப் போகவில்லை.

சீனி கூடினால் உடம்பு அதைச் சிறுநீரில் கழுவி வெளியே தள்ளப் பார்க்கும். அதனால் தாகம். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் இரத்தம் இன்னும் தடிக்கும், சிறுநீரகம் கெடும். அந்த அம்மாவுக்கு நான் எந்த டயட்டைச் சொல்வது? மலைக்கு ஒரு மலசலகூடமும் குடிதண்ணீரும், சாப்பிட உட்கார ஒரு கூரையும் நேரமும், வருடத்துக்கு ஒரு நாள் பேர் வெட்டாமல் இரத்தம் பார்க்கப் போக லீவும் வேண்டும். இவை சம்பளப் பேச்சுவார்த்தையில் கடைசிப் பக்கத்தில் வருகிற கோரிக்கைகள் என்று எனக்குத் தெரியும். தலைவர்மாரே, அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தலைவிமார் மேசையில் இருந்தால் அது தானாக முன்னுக்கு வரும் என்பது என் எண்ணம். கோபிக்க வேண்டாம்.

முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல்' என்று போர்டு போட்ட கிளினிக்குக்குப் போனால் சீனி, பிரஷர், நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் 126உம் அதற்கு மேலும் இருந்தால் திரும்பவும் பரிசோதிக்கச் சொல்வார்கள். தட்டிக் கழிக்காமல் போங்கள்.

ஒரு தங்கச்சி சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் தனியாகக் கேட்டார்: "அம்மாவுக்கு இன்சுலின் ஊசி எழுதிட்டாங்க, ஊசி போட்டா சாவு கிட்ட வந்திருச்சுன்னு அம்மா அழுகுது." ஊசியைக் கடைசியில்தான் எழுதுவார்கள் என்பதால் இந்தப் பயம் வந்தது. வருடக்கணக்காக வேலை செய்த கணையம் களைத்துவிட்டது, அவ்வளவுதான். வெளியில் இருந்து கணக்கப்பிள்ளையை அனுப்புகிறோம். சாப்பாட்டைச் சீர்செய்தால் ஊசியின் அளவு குறையலாம், சிலருக்கு நிற்கவும் செய்யலாம். அதை டொக்டர் பார்த்துக் குறைப்பார். அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

நாளைக் காலையில் எல்லாரும் கடல் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். பலருக்கு இது முதல்தரம் என்றும் கேள்விப்பட்டேன். நான் ஆறு மணிக்கு இந்த வாசலில் மீற்றரோடு உட்கார்ந்திருப்பேன். அறுபது ஸ்ட்ரிப் கொண்டு வந்திருக்கிறேன். தேத்தண்ணி குடிக்காமல், வெறும் வயிற்றோடு வாருங்கள். விரலைக் குத்திவிட்டுக் கடலுக்குப் போகலாம்.